புளியமரத்தில் அடித்த ஆணி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் கலைவாணி அம்மையார் அவர்களே, இந்த மருத்துவ முகாமில் காலையிலிருந்து நம் கைகளில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்த்துக் களைத்திருக்கும் மருத்துவர் பிரியதர்ஷினி அவர்களே, சாமைக் கொல்லையை அப்படியே விட்டுவிட்டு வந்த தாய்மார்களே, கொடுத்த மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கும் என் அருமைப் பெரியவர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் வேடியப்பன். உடுக்கை அடிக்கும் பூசாரியாகத்தான் என்னை உங்களுக்குத் தெரியும். இன்று உடுக்கை கொண்டு வரவில்லை. இதைக் கொண்டு வந்திருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா? இரும்பாணி. இதில் சுற்றியிருப்பது என் மனைவி மங்கம்மாளின் உச்சிமுடி.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம். உச்சிப்பொழுது. தலைக்கு மேலே வெயில், தரையிலே நிழல் இல்லை, காட்டிலே ஒரு காக்கைச் சத்தமும் இல்லை. புளி பொறுக்கிக்கொண்டிருந்த மங்கம்மாள் கூடையோடு சாய்ந்தாள். ஓடினேன். மரத்தடியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தின் இடப்பாதி என் மனைவி. வலப்பாதி யார்? அந்தப் பக்கம் வாய் தொங்கி எச்சில் ஒழுகிற்று. வலக்கை செத்த கைபோலக் கிடந்தது.

"மங்கா, இன்னா ஆச்சி?"

"புளி."

"நான் யாரு, சொல்லு."

"புளி."

அடுத்த கொல்லை முனிசாமி நாலடி பின்னால் நகர்ந்து நின்றான். "மாமா, உச்சில மரத்தாண்ட தனியா ஒக்காந்துக்கினு இருந்துச்சி. மரத்துல இருக்கறதுதான் புடிச்சிக்கிச்சி. அதான் மரத்துப் பேரையே சொல்லுது."

எனக்கு மட்டும் வேறென்ன தோன்றும்? உடுக்கையை எடுத்தேன். யார் நீ என்றேன், புளி. எங்கிருந்து வந்தாய் என்றேன், புளி. இவளை விட்டுப் போவாயா என்றேன், புளி. கேட்கக் கேட்கக் கூடிநின்ற கூட்டம் உறைந்தது. கொளுத்தும் வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திடீரென்று இடக்கையால் என் மணிக்கட்டைப் பற்றினாள். என்ன பிடி அது! பேயின் பலம் என்று எண்ணி வேப்பிலையால் இன்னும் ஓங்கி அடித்தேன். முடியை அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அறைந்தேன். அப்போதும் என்னைப் பார்த்து, மெதுவாக, புளி என்றாள். வெயில் சாய்ந்த பிறகுதான் ஜீப் பிடித்தோம்.

மலையிறங்கி, ஆலங்காயம் தாண்டிக் கீழே பெரிய ஆஸ்பத்திரி. "எத்தன மணிக்கு ஆச்சுங்க?" என்றார் அங்கிருந்த டாக்டர். "உச்சிப்பொழுதுங்க" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு விளக்கினார். கழுத்தில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு, நான்கு குழாய்களில் மூளைக்கு இரத்தம் ஏறுகிறதாம். இடப்பக்கக் குழாய் வழியே போன இரத்தக்கட்டி ஒன்று மூளையில் அடைத்துக்கொண்டது. பேச்சு குடியிருக்கும் இடம் அங்கேதான். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமாம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? வாயடைத்தவளிடம் பேர் கேட்டேன். உதவி கேட்டுப் பற்றிய கையை உதறினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அங்கே யாரப்பா, "அப்போ பேயே கெடையாதா பூசாரி?" என்பது? இருந்துவிட்டுப் போகட்டும். பேய்க்கு அவசரமில்லை, அது நாளைக்கும் காத்திருக்கும். மூளை காத்திருக்காது. முகம் கோணினால், தூக்கிய கை துவண்டு விழுந்தால், பேச்சு குழறினால், முதலில் 108. இனி அப்படி ஒருவரை என் கோயிலுக்குக் கொண்டு வந்தால் உடுக்கையைத் தொட மாட்டேன், ஜீப்பைத்தான் கிளப்புவேன். இது சத்தியம்.

நேற்று அந்த ஆணியைப் பிடுங்கினேன். மங்கம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்று ஆண்டாக அவளிடம் அதே ஒரு சொல். பசித்தாலும் அதுதான், என்னைக் கூப்பிட்டாலும் அதுதான். பேயாக இருந்தால் என்றைக்கோ போயிருக்கும். அன்றைக்கு அந்த மரத்தடியிலிருந்து என்னைப் பார்த்தவள் என் மனைவிதான். உள்ளே முழுசாக இருந்தாள்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். நன்றி சொல்லும் உரிமையை அவளுக்கே தருகிறேன். ஒலிபெருக்கி கொண்டுபோகிற தம்பி, இடக்கையில் கொடு. அவள் ஒரே ஒரு சொல்தான் சொல்வாள். யாரும் பயப்படாதீர்கள். பதிலுக்கு வணக்கம் சொல்லுங்கள்.