ஒன்பது அடிக் குழாய்க்கு ஒரு தாங்கி

அன்புள்ள மிஷேல் ஐயா அவர்களுக்கு, மரக்காணத்திலிருந்து அர்ச்சுனன் எழுதுவது.

தாங்கி விஷயமாகக் கூடியபோது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். உப்பள முதலாளி தனகோடி, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில், காற்றாடிக்கு நேராக. அறிவியல் டீச்சர் பாக்கியலட்சுமி, பள்ளியிலிருந்து கொண்டுவந்த பெஞ்சின் ஒரு முனையில். மறுமுனையில் அவருடைய கைப்பை. வெல்டிங் பட்டறை தேவா, பீடி பிடிக்க வசதியாக வாசற்படியில். நான் ஓர் உப்பு மூட்டையின் மேல். நீங்கள் ஆரோவில்லை விட்டுப் போகும்போது எங்கள் வானியல் மன்றத்துக்குக் கொடுத்த தொலைநோக்கி, உப்புக் கிடங்கின் நடுவே பாயில் படுத்திருந்தது.

"நடுவுல கெடத்திட்டு சுத்தி ஒக்காந்திருக்கோம். ஒப்பாரி ஒண்ணுதான் கொறச்சல்" என்றான் தேவா. டீச்சர் சிரித்துவிட்டார்.

பழைய முக்காலி அந்தக் குழாயைத் தாங்கவில்லை. உப்பளத்தில் சாயங்காலக் காற்று நிற்காது. காற்று தொட்டால் நிலா துள்ளும். கண் வைக்கிறவர் மூச்சு விட்டால்கூடத் துள்ளும். நீளமும் கனமும் சேர்ந்த குழாய்க்குக் கீழே இருப்பதுதான் முக்கியம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

டீச்சருக்குப் பெட்டி மாதிரி ஒரு தாங்கி பிடித்திருந்தது. மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் திரும்பும், அவ்வளவுதான். "பசங்க கை வெச்சாலும் பயமில்லைங்க" என்றார். நல்ல யோசனைதான். நானும் முதலில் அதைத்தான் நினைத்திருந்தேன்.

அப்போது முதலாளி பேசினார். "எதையாவது போடுங்க, ஆனா நல்லா போடுங்க. அடுத்த வருசம் இத பெரிய முதலியார்சாவடி காட்டேஜுக்கு எடுத்துக்கப் போறேன். வர்ற கெஸ்ட்டுங்க பாக்கட்டும்."

"மன்றத்துக்குக் கொடுத்ததுங்களே" என்றார் டீச்சர்.

"கெடங்கு என் எடம். என் எடத்துல கெடக்குறது என்னுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்பா அர்ச்சுனா, மூஞ்சிய ஏன் தொங்கப் போடுற? சனியப் பாக்கணும்னா கண்ணாடியில பாரு. உன் தலை மேலதான் ஒக்காந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும் என்பதுதான் நீங்கள் வைத்த ஒரே நிபந்தனை. அதைக் காப்பாற்றும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் என்னுடையது. நான் யோசித்தது அதை மட்டும்தான்.

சிரிப்பு அடங்கியதும், பெட்டித் தாங்கி வேண்டாம், எதிர் எடை வைத்த தாங்கிதான் சரி என்று சொன்னேன். கிடங்கு முற்றத்துத் தரையில் ஆழமாகப் புதைத்த இரும்புத் தூண். அதன் தலையில் சுழலும் அச்சு. அச்சின் ஒரு பக்கம் குழாய். மறு பக்கம் ஒரு தண்டு, தண்டில் குழாயின் கனத்துக்குச் சமமான எடை. சுண்டு விரலால் தள்ளினால் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். காற்றுக்கு அசையாது. நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. டீச்சரே கடைசியில் ஒத்துக்கொண்டார்.

எடைக்கு எதை வைப்பது என்று தேவா கேட்டான். கிடங்கு மூலையில் பழைய தராசின் இரும்பு எடைக்கற்கள் சும்மா கிடந்தன. அவற்றில் ஓட்டை போட்டுக் கோத்துவிடலாம் என்றேன். செலவில்லாத யோசனை என்று முதலாளி மெச்சினார்.

இந்த இடத்தில் உப்புக் களத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்தராசு வருவதற்கு முன் இங்கே மூட்டைகளைப் பெரிய தொங்கு தராசில்தான் நிறுத்தோம். நிறுத்து முடிந்ததும் மூட்டையை யாரும் தூக்கி இறக்க மாட்டார்கள். முதலில் எதிர்த்தட்டிலிருந்து கல்லை எடுப்பார்கள். கல் போகப் போக மூட்டை தானாகத் தரையில் உட்கார்ந்துவிடும். கல்லை எடுப்பது எப்போதும் முதலாளிதான். ஆள் தொட்டால் எடையில் தில்லுமுல்லு வரும் என்று அவர்கள் யாரையும் தொட விடுவதில்லை. தனகோடி அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்து அப்பாவின் களத்தில் கல் எடுத்தவர். பக்கத்தில் நின்று எடை எழுதியவன் நான். அந்தக் கையை அந்தக் கையின் சொந்தக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிர் எடைத் தாங்கியில் வரிசை நேர் எதிர். முதலில் குழாயைக் கழற்ற வேண்டும், பிறகுதான் கல். கல்லை முதலில் எடுத்தால் குழாய் சடாரென்று கீழே போகும், தண்டு மேலே வரும். அப்படி ஆகாமல் இருக்க அச்சின் குறுக்கே செருகும் இரும்புப் பின் ஒன்று உண்டு. தேவா அதைச் செய்து, எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தான். யாரும் இல்லாத நேரத்தில் நான்தான் அதைச் செருகி வைத்தேன்.

கழற்றும் முறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் செய்து காட்டினேன். டீச்சர் இருந்தார், தேவா இருந்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதலில் குழாய், பிறகு கல் என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்தேன். முதலாளி அன்று கோட்டக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டு நிக்காஹுக்குப் போயிருந்தார். போவார் என்று எனக்குத் தெரியும். தேதி குறித்தவன் நான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்கள் யாருக்கும் அந்தத் தாங்கியால் ஆபத்து இல்லை. எடுத்துக்கொண்டு போக வருகிறவருக்கு மட்டும்தான். முதலாளி மனம் மாறியிருந்தால் இன்றும் அவர் வந்து நிலா பார்த்துக்கொண்டிருப்பார். முடிவை நான் அவரிடமே விட்டிருந்தேன்.

அவர் மாறவில்லை. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, "நாளைக்குக் காலையில மினி லாரி வருது, சாவியோட வந்துடு" என்றார். அன்று மாலையே போய்ப் பின்னைக் கழற்றினேன். குழாய் இறங்கக்கூடிய பக்கத்தில் வைக்கோல் அடைத்த சாக்குகளைப் போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார், கூட இரண்டு லோடுமேன்கள். குழாயை மட்டமாகத் திருப்பினார். இந்தப் பக்கம் கற்கள், அந்தப் பக்கம் குழாய். பார்ப்பதற்குத் தராசு மாதிரியேதான் இருந்தது.

"முதலாளி, கொழாயப் புடிச்சிக்கட்டுங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"தள்ளிப் போடா. கல்ல எடுத்தா அதுவே எறங்கும்." தண்டின் முனையில் இருந்த நட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன அர்ச்சுனா, சரிதானே?"

"உங்களுக்குத் தெரியாததா முதலாளி" என்றேன்.

முதல் கல்லை உருவி லோடுமேனிடம் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கல் இறுகியிருந்தது. குனிந்து, தண்டின் மேல் முகம் வைத்து, தன் பக்கமாக இழுத்தார். கல் வந்தது. தண்டும் வந்தது. தாடைக்குக் கீழே பட்டது. அவர் சத்தம் எதுவும் போடவில்லை. குழாய் சாக்கின் மேல் மெத்தென்று இறங்கியது. நான் முதலில் லென்ஸைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அந்த விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அச்சில் பின் இல்லை என்பதைப் போலீஸ் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் முதலாளி தேவாவின் வேலையைக் கேலி செய்ய, "அவரு தலை மேலயே விழட்டும்" என்று அவன் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தான். முதலாளியின் மகன் அதைப் பிடித்துக்கொண்டு கொலை என்றே எழுதிக் கொடுத்தார். பின்னை அர்ச்சுனண்ணா கையில் கொடுத்தேன் என்று தேவா சொன்னான். இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை, நினைவில்லை என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. டீச்சர் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னாராம், எல்லோருக்கும் பொறுப்பாகச் சொல்லிக் கொடுத்தவர் என்று. அந்தப் பின் இப்போது உப்புப் பாத்தியின் சேற்றுக்கு அடியில் கிடக்கிறது. இரும்பு அங்கே நாள்பட நிற்காது.

தேவா உள்ளே போய் மழைக்காலம் ஒன்று முடிந்துவிட்டது. ஜாமீன் இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். அவன் மனைவி சத்யப்ரியா இன்று காலை என் வீட்டுக்கு வந்தாள். ஊரில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். வரிசை தவறாமல் எழுதுவேன் என்று பெயர்.

"ஜட்ஜய்யாவுக்கு எழுதிக் குடுங்கண்ணா. நீங்க எழுதினா படிப்பாரு."

எழுதிக் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். "பின்னைப் பொருத்த மறந்தது உண்மைதான்னு போட்டிருக்கீங்களே. அவரு மறக்கலண்ணா. உங்க கையில குடுத்தேன்னு சத்தியம் பண்றாரு."

"இது கருணை மனும்மா. இதுல வாதாடக் கூடாது. தப்ப ஒத்துக்கிட்டாத்தான் மனசு எரங்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டாள். சீக்கிரம் வந்துவிடுவானா என்று கேட்டாள். வரலாம் என்றேன்.

அவள் அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இதை உங்களுக்கு எழுதி முடிக்கிறேன். விடிவதற்கு முன்பே தொடங்கியது. பாரத்தை மனதில் வைத்துக்கொண்டிருப்பது சரியல்ல, யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தொலைநோக்கி உங்களுடையது. உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

வழக்கமாக உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். முப்பது வருஷம் இங்கே இருந்தும் வணக்கம், போதும் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் உங்களுக்குத் தமிழ் வரவில்லை. ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த விஷயம் எனக்கு ஆங்கிலத்தில் வராது. என் பள்ளிக்கூட ஆங்கிலம் அளவுக்கும் எடைக்கும்தான் ஆகும். தாங்கி மிக உறுதியாக இருக்கிறது, லென்ஸ் பத்திரம் என்று தனித்தாளில் இரண்டு வரி ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தேவையானது அதில் இருக்கிறது. பிள்ளைகள் இப்போது கிடங்குப் பக்கம் வரப் பயப்படுகிறார்கள். சாவி என்னிடம் இருப்பதால் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன்.

உறை ஒட்டியாகிவிட்டால் வேலை முடிந்தது. சத்யப்ரியா தன் மனுவை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பத் தபாலாபீசுக்குத்தான் போகிறாள். இதையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பத்திரமாகச் சேர்த்துவிடுவாள், நம்பிக்கையான பெண்.

உண்மையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அர்ச்சுனன் எதையும் மறைத்தான் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அர்ச்சுனன்