கட்டைவிரல் பிரேக்

அவள்: தார்ப்பாயை நானே எடுக்கறேன் சார். நீங்க அங்கேயே நில்லுங்க.

அவர்: சரிம்மா... வண்டி உங்க வீட்டுக்காரரோடதா?

அவள்: எங்க அண்ணனோடது. வெளிநாடு போயிட்டான். சும்மா நிக்குதேன்னு...

அவர்: ஹேண்டில்பாரை உயர்த்தி, சீட்டைத் தாழ்த்தி... ஆசையாப் பண்ணியிருக்கார் உங்க அண்ணன்.

அவள்: எட்டு மாசம். ராத்திரி சாப்பாடுகூட இதுக்குப் பக்கத்துலதான்.

அவர்: அப்போ அண்ணன் இந்த வீட்டுலயா இருந்தார்?

அவள்: ...அப்பப்போ வருவான். நீங்க என்ன வேலைன்னு சொன்னீங்க?

அவர்: துணிக்கடையில.

அவள்: துணிக்கடைக்காரருக்கு நகமெல்லாம் கிரீஸா இருக்கு?

அவர்: அது... வர்ற வழியில சைக்கிள் செயின் கழண்டுடுச்சு.

அவள்: ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்கேன்னு போன்ல சொன்னீங்க.

அவர்: வண்டியோட ஆர்.சி. புக்கைக் காட்டுங்கம்மா.

அவள்: இந்தாங்க.

அவர்: இதுல இருக்கற பேருதானே உங்க கேட்டுலயும் எழுதியிருக்கு?

அவள்: அண்ணனுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே பேரு.

அவர்: அடடா. கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க?

அவள்: ரெண்டு பேரும் பாக்க மாட்டாங்க. வாங்கறதுன்னா வாங்குங்க சார். சாவி மட்டும் தர மாட்டேன். வேணும்னா இங்கேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்.

அவர்: வேண்டாம்மா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்... அதாவது, இந்த மாதிரி வண்டியோட சத்தம்.

அவள்: விலையும் நீங்க கேக்கலை.

அவர்: நீங்க சொல்றதுதான் விலை.

அவள்: காலையிலேர்ந்து மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் வலது காலால பின் பிரேக்கைத் தேடித் தேடி, பெடலே இல்லையேன்னு முழிச்சாங்க. நீங்க வந்ததும் வராததுமா இடது கைப் பக்கம் கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்தச் சின்னக் கம்பியை அமுக்கிப் பாத்தீங்க. பிரேக் அங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?

அவர்: கை தானாப் பட்டுடுச்சும்மா.

அவள்: மாடியைப் பாருங்க. பக்கத்து வீட்டு அக்கா உங்களைப் போன்ல படம் பிடிச்சுக்கிட்டிருக்காங்க. யாரு நீங்க?

அவர்: படம் வேண்டாம் அண்ணி...

அவள்: அண்ணியா?

அவர்: அந்தப் பிரேக்கைப் பண்ணினவனே நான்தான். பட்டறை வச்சிருக்கேன். நாம நேர்ல பாத்ததில்லை. அடிபட்டதுக்கு அப்புறம் வலது கணுக்கால் மடங்கலைன்னு உங்க வீட்டுக்காரர் வந்து நின்னாரு. காலுக்குப் பதிலா கட்டைவிரல்னு ரெண்டு பேருமா யோசிச்சுப் பண்ணினது.

அவள்: இப்ப எதுக்கு வந்தீங்க?

அவர்: நீங்க போட்ட விளம்பரத்துல இந்த வண்டியோட படம் அவர் கண்ணுல பட்டுடுச்சு. நேத்து பட்டறைக்கு வந்து என்னைப் படிக்கச் சொன்னாரு.

அவள்: படிக்கச் சொன்னாரா...

அவர்: உங்களைக் கேக்க அவருக்கு மனசு வரலை. "அவ பயப்படறா. வித்தாச்சுன்னு நிம்மதியா இருக்கட்டும். நீ போய் வாங்கி உன் பட்டறையில நிறுத்து, நான் வந்து ஓட்டிக்கறேன்"னாரு. அண்ணி, அந்த மனுஷன் திரும்ப எழுந்து நடமாடினதே இந்த வண்டிக்காகத்தான். உங்க பயத்துக்காக இதை அவர்கிட்டேருந்து பிடுங்காதீங்க.

அவள்: என் பயம்னே அவர் நினைச்சுக்கட்டும் தம்பி. திட்டினாலும் என்னையே திட்டட்டும். போன வாரம் பின்னாடி உக்காந்து போனேன். சிவப்பு எரியுது, நிக்கலை. அடுத்த முக்குலயும் சிவப்பு, அங்கேயும் நிக்கலை. முதுகைத் தட்டி, "சிக்னலைப் பாக்க மாட்டீங்களா?"ன்னேன். நேரா அதைப் பாத்துக்கிட்டே, "எங்க இருக்கு சிக்னல்?"னு என்னைக் கேட்டாரு.