பெண்ணுக்கு ரத்தம் நெகட்டிவாம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அக்கா, சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குகிற குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“பொண்ணு லட்சணமாத்தான் கீறா. ஜாதகமும் சேருது. ஆனா ரத்தம் நெகட்டிவாம். வேணாம்னுட்டேன்.”

“ரத்தத்துக்கு இன்னாக்கா?”

“மொத கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதாம். அடுத்தது தங்காதாம். எவ ஊட்டுக் கோளாறோ, எங்க ஊட்டுக்கு எதுக்கு?”

“அதுக்குத்தான் ஊசி கீதே! மொத பிரசவத்துலயே என் நாத்தனாருக்குப் போட்டாங்க. இப்ப ரெண்டு புள்ளைங்களும் ஸ்கூலுக்குப் போவுது.”

“ஊசி போட்டுத்தான் எங்க வம்சம் வளரணுமா?”

“சரி, உன் புள்ள இன்னா குரூப்பு? அவனும் நெகட்டிவ்னா ஊசியே வேணாமே.”

“அவன் ஆம்பளடி. அவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?”

பருத்திப்பட்டில் பஸ் நின்று கிளம்பியது. தங்கை கேட்டாள்.

“அவனுக்கு அப்புறம் உனுக்கு ரெண்டு தங்கலையே. அப்ப உன் ரத்தத்த யாருனா பாத்தாங்களாக்கா?”

“எல்லாம் ஊட்டுப் பிரசவம். ரத்தத்த எவ பாத்தா? ராசி கெட்டவன்னு மாமியா பேரு வச்சிச்சு. நல்லது கெட்டதுல என்ன முன்னால நிக்கவே வுடாது.”

“அந்தம்மாவுக்கு ஊசி ஒண்ணு கீதுன்னே தெரியாதுக்கா. உனுக்கு இப்ப தெரியும்.”