மலையிலிருந்து வந்த தவளை

— டின்னுக்குள்ள பாசி மட்டும் கெடக்கு. தவளை எங்க, அமிர்தவல்லி?

— மொதல்ல மொகத்தக் கழுவுங்க. நேத்துக் காலையில மலையிலேருந்து வந்து பாயில விழுந்தவரு, இப்பத்தான் கண்ணத் தெறக்குறீங்க.

— தவளை எங்கன்னு கேட்டேன்.

— ஒலக்கையில கட்டினோம்.

— என்னது?

— மழைக்குத்தாங்க. வேப்பங்கொழை சுத்தி, தவளையக் கட்டி, நாலு தெரு சுத்தி வந்தோம். வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனாங்க. கண்ணாத்தாள் வீட்டு வாசலுக்கு வாரப்பவே தவளைக்குத் தலை தொங்கிருச்சு.

— ஊருல வேற தவளையே இல்லையா?

— கம்மாய் வெடிச்சுக் கெடக்கு, தவளைக்கு எங்க போறது? இது மலையில மழைக்குள்ளயே பொறந்தது, இது கூப்பிட்டா வானம் கேக்கும்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.

— நாசமாப் போச்சு. கட்டைவெரல் தண்டி சீவன். ரெண்டு நாளு பஸ்ஸுல மடியில வச்சு, நின்ன எடத்துல எல்லாம் எறங்கி தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தேன். பக்கத்துல ஒக்காந்தவன் பலகாரமான்னு கேட்டான்.

— ஒரு தவளைக்கா இம்புட்டு?

— திருச்சி காலேஜு ஆத்மநாதன் சாரு ஆறு வருசமா இதத் தேடுறாரு. மலையில நான் இதப் புடிச்ச ஓடையத் தவிர வேற எங்கிட்டும் பாத்ததில்லைங்கிறாரு. மேல காடு மூடி, தரை ஈரமா இருந்தாத்தான் பொழைக்குமாம். மரத்த வெட்டி வெயிலு விழுந்தா அத்தோட சரி. போன தடவ செத்தத பாட்டில்ல காமிச்சாரு. காட்டு ஆபீசரு, ‘செத்தே போச்சே, அப்புறம் காடு எதுக்கு’ன்னுட்டான். நாளைக்குத் திருச்சியில உசுரோட காமிச்சா, ஓடையச் சுத்தி நாப்பது ஏக்கரா மட்டும் வெட்டாம விடுறேன்னிருக்கான்.

— காடு போனா ஒங்களுக்கென்ன? ராசா ஆட்சி முடிஞ்ச வருசத்துலேருந்து அங்க கோடாலி புடிக்கிறவருதான நீங்க.

— புடிச்சேன். நான் வெட்டின எடத்துல எல்லாம் ஓடை வத்துனதையும் பாத்தேன். மிச்சம் இருக்கது இது ஒண்ணு. எஸ்டேட்டு லயத்துல அறுவது குடும்பம் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிது.

— தண்ணி இல்லாத கதைய எங்கிட்டயா சொல்றீங்க? போயி இன்னொண்ணு புடிச்சுட்டு வாங்க.

— எப்பப் போயி எப்ப வாரது? நாளைக்குக் காமிக்கலேன்னா மறுநாளே வெட்டு. அதுக்கு ஆளு சேக்கத்தான் பிச்சைமுத்து கங்காணி ஊரு ஊராத் திரியிறான்.

— தெரியும்.

— ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— விடியக்காலம் நம்மூருலேருந்து ஒம்பது பேரக் கீரனூருக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாரு. இந்நேரம் பஸ்ஸு ஏறியிருப்பாங்க.

— நம்ம மகன் எங்க?

— இருங்க, நீச்சத்தண்ணி கொண்டாரேன்.

— அமிர்தவல்லி, அழகுமலை எங்க?

— ஒங்க கோடாலியத்தான் எடுத்துட்டுப் போனான். ‘விடியிறதுக்குள்ள ஒரு மழை பெஞ்சா ஏரு பூட்டுறேன், இல்லேன்னா மலைதான்’னு சொல்லியிருந்தான். அவன நிறுத்தத்தாங்க அதக் கட்டினேன்.