பென் டிரைவில் மாம்பழ வாசனை

...சரி, உங்களுக்குக் கண்ணு சொக்குது. பாதுகாப்பு விதியை இவ்வளவு நேரம் வாசிச்சா யாருக்குத்தான் சொக்காது? காகிதத்தை மடிச்சு வச்சிட்டேன். நம்ம ஆலை வாசல்லயே நடந்த ஒண்ணு... குட்டியூண்டு கதைதான், கேளுங்க.

கதையில வர்றது என் வீட்டுக்காரி சீனியம்மா. ஏ, சிரிக்காதீங்க! பொண்டாட்டி பெருமையை மைக்கைப் பிடிச்சுப் பேசுறான்னு நினைக்கிறீங்களா? ஆமாய்யா... பேசத்தான் வந்திருக்கேன்!

பதினாலு வருசமா நம்ம பட்டாசு ஆலை வாசல்ல சோதனை போடுறவ. பீடி, தீப்பெட்டி, செல்போன்... எதுவும் அவளைத் தாண்டாது. ஏன்? உள்ள இருக்கிறது வெடி மருந்து. ஒரு பொறி போதும். உள்ள இருக்கிறது யாரு? நீங்க... இருநூறு உசுரு.

போன வருசம் முதலாளி மருமகன் ஆபீசுக்குப் புதுசா வந்தாரு. பெங்களூர்ல படிச்சவரு. சட்டைப் பையில கறுப்பா, விரல் நீளத்துக்கு ஒரு சாமான்.

"என்ன தம்பி இது?"

"பென் டிரைவ்ம்மா. கம்ப்யூட்டர்ல சொருகுறது."

விட்டுட்டா. மறுநாளும் விட்டா. மூணாம் நாளும் விட்டா... நாலாம் நாள் அவரு குனிஞ்சு நோட்டுல கையெழுத்துப் போடுறாரு. இவ மூக்குல ஏறுது பாருங்க... மாம்பழ வாசனை! கார்த்திகை மாசத்துல ஏதுய்யா மாம்பழம்?

"தம்பி... பென் டிரைவ் எதுக்கு மாம்பழமா மணக்குது?"

அவரு மொகம் போன போக்கைப் பார்க்கணுமே! "இது வேப்ம்மா, பேட்டரியில ஓடுற சிகரெட்டு. இதுல நெருப்பே கிடையாது. வெறும் ஆவி."

"இட்லிச் சட்டியில வர்றதும் ஆவிதான். அடியில அடுப்பு இல்லாமலா வருது?"

"நான் யாருன்னு தெரியுமா? நாளைக்கு இந்த வாசல்ல நீங்க நிக்க மாட்டீங்க!"

"நாளைக்கு நான் நிக்கணும்னா, இன்னைக்கு ஆலை நிக்கணும்ல தம்பி!"

அந்நேரம் முதலாளி கார் வந்து நின்னுச்சு. சோதனை வரிசையில நின்ன நான் நினைச்சேன்... போச்சுடா, இத்தனை வருச வேலை! இவ என்ன செஞ்சா? கேட்கிறதுக்கு முன்னாடியே சொன்னா:

"ஐயா, என் மேலயும் தப்பு. மூணு நாள் இந்த வேப்பைப் பென் டிரைவ்னு நம்பி உள்ள விட்டுட்டேன்."

முதலாளி தன் பேண்ட் பையை வெளிய இழுத்து, அவ மேசை மேல உதறிக் காட்டினாரு. "இனி முதல்ல என்னைச் சோதிங்கம்மா" அப்படின்னாரு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சுய்யா!

இதை ஏன் சொன்னேன்? உங்க மண்டைக்குள்ளயும் ஒரு சீனியம்மா நிக்கிறா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ச் சுவர்ல, செல்லோட செல்லை நெருக்கிக் கோத்து ஒரு காவல். சத்தை உள்ள விடும், நஞ்சை நிறுத்தும். புகை அந்தக் கோர்வையைத் தளர்த்துதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. வேப்பும் யோக்கியமில்ல. எலிகளை வச்சுப் பார்த்த ஆய்வுகள்ல அதுவும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கு. ரெண்டுலயும் நிகோட்டின்னு ஒருத்தன் இருக்கானே... அவனைக் காவலால நிறுத்தவே முடியாது, நேரா உள்ள போயிருவான். யாரு மாதிரி? அந்த மூணு நாளும் உள்ள போன முதலாளி மருமகன் மாதிரி!

காலையில சீனியம்மாகிட்ட பீடியைக் கொடுத்துட்டு உள்ள வர்றீங்க. சாயங்காலம் கேட்டு வாங்கிப் பத்த வைக்கிறீங்க. ஆலைக்கு ஒரு நியாயம்... மண்டைக்கு ஒரு நியாயமா? நானும் வருசக்கணக்கா அப்படி வாங்கினவன்தான். அன்னைக்குச் சாயங்காலமும் அவ என் பீடிக்கட்டை எடுத்து, "இந்தாங்க"ன்னு நீட்டினா. முதலாளியே பையை உதறிக் காட்டின பொம்பளைகிட்ட, நான் எந்த மொகத்தோட வாங்குறது?

வாங்கல. இன்னும் அவ மேசை டிராயர்லதான் கிடக்கு.

இன்னைக்குச் சாயங்காலம் நீங்களும் அந்த மேசைக்கு வருவீங்க. கையை நீட்டுறதுக்கு முன்னாடி, மண்டைக்குள்ள நிக்கிறவளை ஒரு நிமிசம் நினைங்க. வாசல்ல நிக்கிற சீனியம்மா லீவு போட்டா வேற ஆள் வரும்... உள்ள நிக்கிறவளுக்கு மாத்தாள் கிடையாதுய்யா!