வருமானக் கட்டத்தில் எழுதியது

ஹலோ... ஹலோ, நர்சிங் காலேஜுங்களா?... உதவித்தொகை செக்‌ஷன்... ஆமாங்க, அதான், அதேதான்... இல்லைங்க, முன்னாடி பேசினவரு லைன் மாத்தி விடறேன்னு சொல்லி ஹாஸ்டல் சமையல்கட்டுக்குப் போட்டுட்டாரு. அங்க ஒரு அம்மா எடுத்து, எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு கேக்கறாங்க... ஆமாங்க... சரிங்க மேடம். நீங்கதானா அந்த செக்‌ஷன்? நல்லதாப் போச்சு.

நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கற பொண்ணோட அப்பா பேசறேன்... ஃபார்ம் நம்பர் இருக்கு, சொல்றேன். நாலு... ஏழு... ஒரு நிமிஷம் மேடம், இங்க கம்ப்ரசர் ஓடுது, வெளிய வந்துடறேன்... இப்ப கேக்குதா? நாலு, ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது.

ஆமா... ஆமா, அதான் பொண்ணு... மெசேஜ் வந்துச்சு மேடம். சாப்பிட உக்காந்தேன், டிபனைத் திறக்கறேன், மெசேஜ். 'விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, குடும்ப வருமானம் வரம்புக்கு மேல்'னு. அப்படியே மூடி வெச்சுட்டு ஒங்களுக்கு அடிக்கறேன். பன்னெண்டு தடவை அடிச்சுட்டேன்.

இல்லை, அவளுக்குத் தெரியாது. என் நம்பரைத்தான் குடுத்திருந்தோம். அவ இப்ப ஒங்க லேப்லதான் இருப்பா, கட்டில் விரிக்கற கிளாஸாம். ஹாஸ்டல்லருந்து லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் அதையே பழகறா மேடம். நான் படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாத்தறா, என்னை அந்தப் பக்கம் உருட்டி, இந்தப் பக்கம் உருட்டி... ஆமா, ஆமா, விஷயத்துக்கு வரேன்.

விஷயம் என்னன்னா, அதுல ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். எங்களுக்கு அவ்வளவு வருமானம் எல்லாம் கிடையாது.

...

எழுபத்தஞ்சாயிரம். ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கும்... எங்க கையெழுத்துதான்.

அது ஒரு சைபர் கூட விழுந்திருக்கும் மேடம், அவசரத்துல... இல்லை இல்லை, ஏழாயிரத்து ஐநூறும் இல்லை. அது ரொம்பக் கம்மி... சரி, சைபர் இல்லை. விடுங்க.

தொழிலா? அதுல என்ன போட்டிருக்கு?... 'டயர் கடை உரிமையாளர்'.

ம்... ம்.

டிரைவர் அண்ணே, இதோ வந்துட்டேன், ஜாக்கி ஏத்தித்தானே வெச்சிருக்கேன், வண்டி எங்கயும் ஓடிடாது... ஒங்களைச் சொல்லலை மேடம். ஒரு லாரி நிக்குது, பின் வீலைக் கழட்டிப் போட்டிருக்கேன்.

மேடம், நான் படிச்சவன் இல்லை, நீங்களே ஒரு தடவை புரியற மாதிரி சொல்லிடுங்க. இந்த உதவி எப்படித்தான் குடுக்கறீங்க?... ம்... ம்... குடும்ப வருமானம், மொத்தமாச் சேத்து, மாசம் முப்பதாயிரத்துக்குள்ள இருந்தா... பாதி ஃபீஸ் நீங்க. சரி. அது திருப்பிக் கட்ட வேண்டாம். பாதியில நிறுத்தினா மட்டும் கட்டணும். சரி... மீதிப் பாதி ஆஸ்பத்திரி. அவங்க கட்டுவாங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் அங்கயே வேலை பாக்கணும். அது பாப்பாவும் சொன்னா... ஓ. அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ஒங்க லிஸ்ட்லருந்துதான் ஆளை எடுப்பாங்களா? லிஸ்ட்ல பேர் இல்லைன்னா கூப்பிடவே மாட்டாங்களா?

அப்ப இது போனா அதுவும் போச்சு.

லிஸ்ட் எப்ப போகுது?... இன்னைக்கு நாலு மணிக்கா?

மேடம், இப்பவே ரெண்டே முக்கால்.

...

லோனா? லோன் வேண்டாம் மேடம்... இல்லை, வேண்டாம்னு இல்லை, கிடைக்காது. பேங்குக்குப் போனேன் மேடம், அட்மிஷனுக்கு முன்னாடியே போனேன். சம்பளத்தைக் கேட்டுட்டு அந்த ஆபீசரு நாற்காலியைப் பின்னாடி தள்ளிக்கிட்டாரு. இவ்வளவு கம்மியா வாங்கினா எப்படிக் கட்டுவீங்கன்னாரு. அந்த ஒரு வருஷம் பாப்பா படிக்கலை மேடம். மருந்துக் கடையில பில் போட்டா. நின்னுக்கிட்டே, பத்து மணி நேரம். அந்தக் காசுலதான் அட்மிஷனே போட்டோம். அவ கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் இப்ப செகண்ட் இயர்.

அதான் மேடம், அந்த ஃபார்மைப் பாத்ததும் பேங்க் ஃபார்ம் மாதிரிதான் நெனச்சேன். கம்மியா எழுதினா தொரத்திடுவாங்க, நல்ல வசதின்னு காட்டினாத்தான் நம்பிக் குடுப்பாங்கன்னு... ஆமா! ஆமா மேடம், அதான், புரியாம எழுதிட்டேன்... நெறைய பேர் அப்படி எழுதறாங்களா? பாருங்க, நான் மட்டும் இல்லை.

திருத்தலாமா?... திருத்தலாமா மேடம்? அய்யோ, நீங்க நல்லா இருப்பீங்க.

சொல்லுங்க, சொல்லுங்க, என்ன வேணும்?... வேலை பாக்கற எடத்துலருந்து சம்பள லெட்டர். மொதலாளி கையெழுத்து, கடை சீல். ஃபோட்டோ எடுத்து அனுப்பினாப் போதும்... இப்பவேவா?

மொதலாளிகிட்ட... ம்.

இல்லை மேடம், இருக்காரு. இங்கதான் இருக்காரு, கல்லாவுல. பிரச்சினை என்னன்னா... நான்தானே மேடம் உரிமையாளர், ஒங்க ஃபார்ம்ல.

சிரிக்காதீங்க மேடம்... இல்லை, சிரிங்க, பரவாயில்லை.

கட் பண்ணிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். போனை இப்படி டயர் மேல வெச்சுட்டு ரெண்டே நிமிஷம்.

(சற்றுத் தள்ளி)

மொதலாளி... ஒரு லெட்டர் வேணும். பாப்பா காலேஜுக்கு... லீவு இல்லைங்க, லெட்டரு. நான் இங்க வேலை பாக்கறேன், இவ்வளவு சம்பளம்னு ரெண்டு வரி... அவங்களுக்கு எதுக்குன்னா... மொதலாளி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. ஃபார்ம்ல, கடை என்னுதுன்னு எழுதிட்டேன்... ஆமா, இந்தக் கடைதான். வேற எந்தக் கடை இருக்கு எனக்கு?... இல்லைங்க, எப்ப வாங்கினேன்னா, வாங்கலை... பத்திரமும் இல்லை... டிரைவர் அண்ணே, நீங்க ஏன் சிரிக்கறீங்க? ஒங்க வீலு என்கிட்ட இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க.

மொதலாளி, நாலு மணிக்குள்ள... எழுதுங்க, நான் சொல்றேன். 'எங்கள் கடையில் பதினாலு வருடமாக'... ஆமா, பதினாலு. 'மாதச் சம்பளம்'...

மொதலாளி, அதென்ன முப்பதுன்னு போடறீங்க?... நீங்க குடுக்கறது இருபத்திரெண்டு... தெரியும், ஒங்களுக்கும் தெரியும். அப்பறம் ஏன்?... காலேஜ்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்கன்னா... பதினாலு வருஷத்துக்கு இருபத்திரெண்டுதானான்னு கேப்பாங்களா? கேக்கட்டுமே, நான் கேக்கலையே... இல்லைங்க, முப்பதுன்னா வீட்ல பாப்பாவோட அம்மா தலையணை உறை தெச்சு வர்ற நாலோட முப்பத்திநாலு ஆயிடும். பொண்ணு லிஸ்ட்லருந்து வெளிய வந்துடுவா.

ஒண்ணு பண்ணுங்க. இருபத்திரெண்டுன்னு எழுதுங்க. இல்லை, முப்பதுன்னே எழுதி முப்பதே குடுங்க. எனக்கு எதுவானாலும் சரி.

...

ம். இருபத்திரெண்டு. அதான். அடிச்சு எழுத வேண்டாம், வேற தாள்ல எழுதுங்க, அடிச்சு எழுதினா நம்ப மாட்டாங்க. சீலு... சீலு மங்கலா விழுது, இன்னொரு தடவை குத்துங்க.

(மீண்டும் போனில்)

ஹலோ மேடம்! இருக்கீங்களா?... எல்லாம் கேட்டுச்சா. சரி. அப்ப நான் தனியாச் சொல்ல வேண்டாம். ஃபோட்டோ அனுப்பிட்டேன், வந்திருக்கும் பாருங்க... கருப்பா இருக்கறது என் விரல் மேடம். கிரீஸு. எழுத்து தெரியுதுல்ல?... தெரியுது. அப்பாடா.

அப்ப முடிஞ்சுதா?... இன்னும் ஒண்ணா?

ம்... திருத்தத்துக்குக் காரணம். அதான் சொன்னேனே மேடம், பேங்க் மாதிரி நெனச்சு புரியாம...

சரி... சம்பளத்துக்கு அது சரி. 'உரிமையாளர்'னு எழுதினதுக்கு அது காரணம் ஆகாது. ம். அதுவும் நியாயம்தான்.

அதுல பொண்ணும் கையெழுத்துப் போட்டிருக்காளா? ஆமா, போட்டா. கடைசிப் பக்கத்துல, எனக்குக் கீழ.

அதனால?... என்னது மேடம்? திரும்பச் சொல்லுங்க.

தெரிஞ்சே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டான்னா... மூணு வருஷத்துக்கு எந்த உதவியும் கேக்க முடியாதா? அவளுக்கா? எழுதினது நானாச்சே... இல்லை மேடம், அவளை ஏன்... இருங்க. இருங்க, கொஞ்சம் இருங்க.

தெரியாதுன்னு எழுதிடலாமா? பொண்ணு படிச்சுப் பாக்காமப் போட்டுட்டான்னு?... அப்படிச் சொன்னாலும் எச்சரிக்கைன்னு அவ ஃபைல்ல ஏறுமா. ஆஸ்பத்திரிக்காரங்க அந்த ஃபைலைப் பாப்பாங்களா. படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போடற பொண்ணு, நாளைக்கு மருந்துச் சீட்டுலயும் அப்படித்தான் போடும்னு சொல்லுவாங்க. ஆமா. சொல்லுவாங்க.

அவ அப்படிப்பட்டவ இல்லை மேடம். அவ படிச்சுப் பாத்தா.

...

நடந்ததைச் சொல்லிடறேன். எழுதிக்கங்க. இல்லை, மொதல்ல கேளுங்க, அப்பறம் எழுதுங்க.

அன்னைக்கு ஹால்ல ஒக்காந்து ஃபார்ம் நிரப்பிக்கிட்டு இருந்தோம். பக்கத்து நாற்காலியில ஒருத்தரு, அவரும் பொண்ணைச் சேர்க்க வந்தவரு. ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஹாஸ்டல்ல ஒரே ரூமுன்னு தெரிஞ்சுது, பேசிக்கிட்டாங்க, சிரிச்சுக்கிட்டாங்க. அவரு என்னைப் பாத்து, என்ன பண்றீங்கன்னாரு. டயர் கடைன்னேன். சொந்தமான்னாரு.

'ம்'னேன்.

அவ்வளவுதான் மேடம் நான் சொன்னது. ஒரு 'ம்'. அப்பறம் தொழில்ங்கற கட்டம் வருது, அவரு இப்படி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காரு. சொன்னதை மாத்தியா எழுத முடியும்? உரிமையாளர்னு எழுதினேன். உரிமையாளர்னு எழுதிட்டு இருபத்திரெண்டுன்னு எழுத முடியுமா? எழுபத்தஞ்சு ஆச்சு. பேங்க்கும் மனசுல இருந்துச்சு, பொய் சொல்லலை. ஆனா பேங்க் ரெண்டாவதுதான்.

பாப்பா வாங்கிப் படிச்சா. என் மூஞ்சைப் பாத்தா. மெதுவா, அவருக்குக் கேக்காத மாதிரி, 'சரியா இருக்காப்பா?'ன்னு கேட்டா.

நான் 'சரியாத்தான் இருக்கு, போடு'ன்னேன்.

போட்டா.

...

ஆமா மேடம். நான் சொன்னதாலதான் போட்டா. அதை எழுதுங்க. அப்படி எழுதினா அவளுக்குப் பாதிப்பு இல்லையே?... உறுதியா?... பெத்தவங்க கட்டாயத்துலன்னு ஒரு கட்டம் இருக்கா. அதுல டிக் போடுங்க.

எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை... ஒண்ணும் ஆகாதா. சரி.

எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க... ம்... ம்... 'நான் அக்கடையில் பணிபுரிபவன்'. ஆமா... 'என் மகள் கேட்டபோதும், சரி என்று நானே கூறினேன்'. ஆமா... காரணம்னு ஒரு வார்த்தை போடணுமா? என்னன்னு போடுவீங்க?... 'கவனக்குறைவு' இல்லை மேடம். நல்லா கவனமாத்தான் எழுதினேன்.

வெட்கம்னு போடுங்க.

ஆமா. 'வெட்கப்பட்டு அவ்வாறு எழுதினேன்'.

இதுக்குக் கீழ யாரு கையெழுத்துப் போடணும்? நான் வரதுக்குள்ள நாலு மணி ஆயிடும்... என் குரல் பதிவு ஆகுதா, போதுமா. அப்ப அவ மட்டும்... அவ படிச்சுட்டுத்தான் போடணுமா?

ஆமா. படிச்சுட்டுத்தான் போடணும்.

மேடம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட முடியுமா? 'வெட்கம்'... நான் அவளை நெனச்சு வெட்கப்பட்டேன்னு எடுத்துக்கிட்டா?... இல்லை. இல்லை, இருக்கட்டும். எடுத்தா மறுபடி பொய்யாயிடும். இருக்கட்டும்.

லேப்லருந்து கூப்பிட்டு விட்டுட்டீங்களா?... வந்துட்டாளா? போனை அவகிட்டக் குடுக்காதீங்க மேடம், நான் அப்பறமா நேர்ல வந்து... ஹலோ? மேடம்?

...

பாப்பா.

ஆமா, நான்தான்... கடையிலருந்துதான். ஒண்ணும் இல்லை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பதறாத. அம்மா நல்லா இருக்கா... மேடம் ஒரு தாள் குடுப்பாங்க, அதைப் படி.

படி, நான் இருக்கேன்.

...

...

படிச்சியா?... முழுசாவா?

ம்.

ஆமா, சம்பள லெட்டரு மொதலாளிதான் எழுதிக் குடுத்தாரு. முப்பதுன்னு போட்டாரு, நான்தான் இருபத்திரெண்டு ஆக்கினேன்... சிரிக்காத. அழுதுக்கிட்டே சிரிக்கறியா? மேடம் முன்னாடி அதெல்லாம் வேண்டாம்.

ஒன் ரூம்ல இருக்கற பொண்ணுகிட்டச் சொல்லணும்னா சொல்லு. அவங்கப்பாகிட்டயும் சொல்லட்டும்... அட, ஏற்கெனவே சொல்லிட்டியா? எப்ப?... மொத நாளேவா?

நல்லது. நல்லது பாப்பா.

மணி மூணரை. பேனா இருக்கா? எனக்குக் கீழதான் போடணும்...

என்ன கேட்ட? கம்ப்ரசர் சத்தம், கேக்கலை. இன்னொரு தடவை கேளு.

...

சரியா இருக்கு. போடு.

வெச்சுடறேன், லாரி நிக்குது.