இடுப்பு நல்லாருக்கிற ஆளு

விலைய விடுங்க தம்பி, அது எங்க ஓடிடப் போவுது. மொதல்ல உங்க இடுப்பு எப்படி, அதச் சொல்லுங்க. அட, இடுப்புங்க, இடுப்பு! மாடிப்படி ஏறினா வலிக்குதா? காலுறைய நீங்களே குனிஞ்சு மாட்டிப்பீங்களா, இல்ல வீட்ல மாட்டி விடுறாங்களா? நீங்களே மாட்டிப்பீங்க. ரெண்டு காலுக்கும்? சபாஷ். எங்க, இப்படி வேலிய புடிச்சுக்காம ஒத்தக் கால்ல நில்லுங்க பாப்போம். சிரிக்காதீங்க. குதிரை வாங்க வந்த நீங்க குதிரையோட பல்லைப் பாக்கலாம், விக்கிறவ உங்க இடுப்பைப் பாக்கக் கூடாதா? ம்ம். இப்ப மத்தக் கால். பரவால்லையே, ஆடவே இல்லையே.

அதோ நிக்கிறான் பாருங்க கறுப்பா, அவன்தான் கொர்மோஷ். நல்லா பாருங்க. தொட்டுப் பாருங்க. கடிக்கல்லாம் மாட்டான், தொப்பிய மட்டும் கழட்டி வெச்சிருங்க, தின்னுடுவான். இதுவா? இது ஊன்றுகோல் இல்லீங்க, வைக்கோல் வாருற கவைக்கோல். சும்மா கையில வெச்சிருக்கேன். சாஞ்சுக்கிட்டு இருக்கேனா? சாஞ்சா என்ன, என் கோல், என் வீடு.

ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. அவன் நொண்டுவான். ஆமா, விளம்பரத்துல போடல. போட்டிருந்தா தெப்ரெட்சென்ல இருந்து இம்மாந் தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருப்பீங்களா? அட, எங்க கிளம்பிட்டீங்க! அடுப்புல பொகாச்சா ரொட்டி வெந்துக்கிட்டு இருக்கு, பன்றிக் கொழுப்பு போட்டது, எங்க வீட்டுக்காரர் கெல்லேர்ட் கையால பிசைஞ்சது. வெறும் வயித்தோட போனீங்கன்னா அந்த மனுஷன் ஒரு வாரம் என்கிட்ட பேச மாட்டாரு. உக்காருங்க. நான் உக்காந்தா எழுந்திருக்க முடியாது, நீங்க உக்காருங்க.

கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போனா நேராத்தான் நடப்பான். மேல ஆளு ஏறினாத்தான் நொண்டுறான். எந்த ஆளுன்னு கேட்டா என்ன சொல்றது, நான்தான். வேற யாரு ஏறப் போறா? கெல்லேர்ட்ட ஒரு தடவ ஏத்தி விட்டேன். இந்தச் சேணத்தப் பாருங்க, வயித்துப் பட்டை எங்கன்னு தேடாதீங்க, எங்க குதிரை மேய்ப்பருங்க சேணத்துக்குப் பட்டையே கெடையாது. சும்மா முதுகுல கெடக்கும். நேரா உக்காந்தா அதுவும் நேரா இருக்கும், சாஞ்சா ரெண்டும் சேந்து கீழ போவும். கெல்லேர்ட் ரெண்டடி போனாரு, சேணத்தோட சாணிக்குள்ள போயிட்டாரு. அன்னையில இருந்து குதிரைன்னாலே சமையக்கட்டுக்கு ஓடிடுறாரு. அப்படித்தான் பொகாச்சா பழகினாரு, அது நமக்கு லாபம்.

ரெண்டு வருஷமா நான் பாக்காத வைத்தியம் இல்ல தம்பி. லாடம் மாத்தினேன். சேணம் மாத்தினேன், இடதுபக்கமே சரிஞ்சிக்கிட்டு இருந்துது, செஞ்சவன திட்டித் தீத்துட்டேன், பாவம். முதுக எக்ஸ்ரே படம் எடுத்தேன். ஊசி போட்டேன். செகெத்ல இருந்து ஒரு வைத்தியக்காரி வந்தா, முதுகு பூரா காந்தத்தை ஒட்டினா. இரும்புக் கேட் பக்கம் போனவன் அப்படியே ஒட்டிக்கிட்டான்னு கெல்லேர்ட் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியிறாரு, நம்பாதீங்க, கொஞ்ச நேரம் சாஞ்சு நின்னான், அவ்வளவுதான். அப்புறம் குதிரைத் தைலம். நம்ம நாட்டுல குதிரைத் தைலத்த குதிரையத் தவிர எல்லாரும் தடவிக்கிறாங்க, நான் ஒருத்திதான் குதிரைக்கே தடவினேன். கையில மிஞ்சினத என் இடுப்புல துடைச்சுக்குவேன், வீணாக்குவானேன். மறுநாள் ஏறிப் பாத்தா நொண்டல் பாதியா கொறைஞ்சிருக்கு! பாத்தீங்களா தைலத்தோட மகிமையன்னு அடுத்த நாளு டப்பாவ பூரா அவன் முதுகுலயே கொட்டினேன். எனக்கு மிச்சம் வெக்கல. அன்னிக்குப் பாத்து முன்னவிட மோசமா நொண்டுறான். போலித் தைலம்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன்.

சிரிக்கிறீங்க. அந்த மாட்டு டாக்டர் ஒட்டோ இருக்கானே, அவனும் இப்படித்தான் சிரிச்சான். எடெல்கா அத்தை, குதிரைய விடுங்க, உங்களப் போயி ஒரு படம் எடுத்துக்கங்கன்னான். எனக்கு எப்படி இருக்கும்? நாப்பது வருஷமா இந்த ஊர்ல குதிரை மேல ஏறின ஒருத்தர விடாம நேரா உக்காரு, நேரா உக்காருன்னு கத்தினவ நான். பாதிரியார கூட விட்டதில்ல. என்னப் பாத்து நீ கோணலா உக்காந்திருக்கன்னா? இதே கவைக்கோலோட தொரத்தினேன். தொரத்துறப்பதான் விழுந்தேன். விழுந்ததாலதான் படம் எடுத்தாங்க.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, படத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு, பாட்டி, இந்த இடுப்பு மூட்டுல இனிமே தேய ஒண்ணுமே மிச்சமில்லையே, எப்படி இங்க வரைக்கும் நடந்து வந்தீங்கன்னு கேக்குது. நான் எங்க நடந்தேன், குதிரையில வந்தேன்னேன். ஏற முடியாதேன்னுது. நான் ஏறல, அவன் படுத்துக்குவான், நான் மேல உருண்டுக்குவேன், அவன் எழுந்துக்குவான். எங்க மேய்ப்பருங்க குதிரைக்கு அதெல்லாம் பழக்கம். அந்தப் பொண்ணு படத்த கீழ வெச்சுது. அப்புறம் புது மூட்டு வெச்சிடலாம்னுது. வெச்சா குதிரை ஏறலாமான்னேன். சாதுவான குதிரையா, நல்லா நடக்குற குதிரையா இருந்தா ஏறலாம்னுது.

அங்கதான் தம்பி எனக்கு சிக்கல். அந்த ஒட்டோ சொன்னது நெஜமா பொய்யா? கொர்மோஷ் முதுகு கெட்டுப் போச்சுன்னா எனக்கு புது இடுப்பு எதுக்கு? நாற்காலியில உக்கார இந்தப் பழசே போதும். அதுக்குப் போயி அறுத்துக்கிட்டு, ஆணி அடிச்சுக்கிட்டு. சொல்லுங்க.

சரி சரி, எழுந்திரிங்க, ஒரு தடவ ஏறிப் பாருங்க. ஏறாம வாங்குவீங்களா யாராச்சும்? சேணத்துக்கு அடியில இடதுபக்கம் ஒரு கம்பளி மடிச்சிருக்கும், அத உருவிடுங்க. அது எனக்கு. அது இருந்தா கணக்கு தப்பாயிடும். என்ன கணக்கா? அப்புறம் சொல்றேன், ஏறுங்க.

அடேய்! எழுந்திருடா! மன்னிச்சுக்கங்க தம்பி, படுத்துட்டான். ஏற வர்றவங்க எல்லாருமே முடியாதவங்கன்னு நெனச்சிட்டான் மடையன். எழுந்திருடா, இவருக்கு நல்ல இடுப்புடா. ஆங், அப்படி. இப்ப ஏறுங்க. கெணத்தடி வரைக்கும் மெதுவா நடத்துங்க. என்னப் பாக்காதீங்க, முன்னாடி பாருங்க. நேரா உக்காருங்க!

போங்க. இன்னும் போங்க.

திரும்பி வாங்க. இன்னொரு வாட்டி போங்க. இப்ப கொஞ்சம் ஓட விடுங்க. பயப்படாதீங்க, ஓட விடுங்க!

கெல்லேர்ட்! யோவ் கெல்லேர்ட், கரண்டிய போட்டுட்டு வெளிய வாய்யா! பாருய்யா அவன! நேரா போறான்யா! நாலு காலும் நேரா போவுதுய்யா!

ஆமா, அழுவுறேன்தான். அழுதா என்ன இப்போ. ரெண்டு வருஷமா அவன் நொண்டவே இல்ல தம்பி. மேல ஒருத்தி கோணிக்கிட்டு உக்காந்திருக்கா, கீழ விழுந்துடப் போறான்னு அவனும் என் பக்கமா கோணிக்கிட்டே நடந்திருக்கான். நான் என்னடான்னா அவனுக்கு ஊசி போட்டிருக்கேன். காந்தம் ஒட்டியிருக்கேன்.

என்ன சொன்னீங்க? கேட்ட விலைய குடுக்கிறீங்களா? ஐயோ, விலைக்கு வாரேன். கோவிச்சுக்காதீங்க. கெல்லேர்ட், அந்தப் பொகாச்சாவ மொதல்ல கொண்டாங்க, பிளம் சாராயத்தையும் கொண்டாங்க, பெரிய கிளாஸா.

அவன் விக்கிறதுக்கு இல்லீங்க. எப்பவுமே இல்ல. எனக்கு வேண்டியிருந்தது நல்ல இடுப்பு இருக்கிற ஒரு வெளியூரு ஆளு. இந்த ஊர்ல நான் போயி யாரக் கேப்பேன், என் குதிரையில ஏறி, கோணல் அவனா நானான்னு பாத்துச் சொல்லுங்கன்னு? அப்புறம் நான் தெருவுல தலை காட்ட முடியுமா? அதான் விளம்பரம் போட்டேன். நாளைக்கு காலையில ஆபரேஷன். கெல்லேர்ட் பைய எடுத்து வெச்சு ரெண்டு நாளாவுது. நான்தான் வரேன், வரலைன்னு சொல்லாம இருந்தேன்.

எறங்காதீங்க தம்பி. திட்டுறதா இருந்தா அங்கிருந்தே திட்டுங்க. இன்னும் ஒரே ஒரு சுத்து போயிட்டு வாங்க, நான் பாத்துட்டுப் போறேன்.